கதையில் வரும் சின்னம்மா

கலியாணம் கட்டி வெள்ளவத்தைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். கணவரின் முதல் தாரத்துப் பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியில் நான் வைத்தனுப்பும் அப்பிள் துண்டுகள் மட்டும் அப்படியே திரும்பி வருவதைக் கவனித்தேன். பாண் போயிருக்கும், பிஸ்கட் போயிருக்கும். அப்பிள் மாத்திரம் பழுப்பு நிறமாகி, ஓரம் சுருங்கி, மூடியைத் திறந்ததும் புளித்த வாசத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

தோல் பிடிக்கவில்லையோ என்று சீவிக் கொடுத்தேன். நிறம் மாறுவது பிடிக்கவில்லையோ என்று தேசிக்காய்ச் சாறு தடவிப் பார்த்தேன். சிவப்பு வேண்டாமோ என்று காலி வீதி நடைபாதையில் பழம் விற்கிறவரிடம் பச்சை அப்பிள் கேட்டு வாங்கினேன். “ஹொந்தய் மிஸ், ஹொந்தய்” என்று, நல்ல பழம்தான் என அவர் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணாத குறை. அதுவும் திரும்பி வந்தது.

அப்பிளே பிடிக்காத பிள்ளை என்றுதான் முடிவுக்கு வந்திருப்பேன். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, கழுவி, நாலாக வெட்டிக் கொடுத்தார். அவள் கதிரையில் காலை ஆட்டிக்கொண்டு, தொலைக்காட்சியைப் பார்த்தபடி முழுவதையும் தின்று முடித்தாள். அன்று பின்னேரம் அதே பையிலிருந்த இன்னொரு அப்பிளை வெட்டித் தட்டில் வைத்து நான் கொண்டுபோனேன். தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒரு விரலால் தட்டை மெதுவாக என் பக்கம் தள்ளிவிட்டாள்.

“அப்பிள் பிடிக்காதோ பிள்ளை?”

“பிடிக்கும்.”

“அப்ப ஏன் சாப்பிடேல்லை?”

கொஞ்சம் யோசித்தாள். எனக்கு இது தெரியாமல் இருக்கிறதே என்ற ஒரு பொறுமை அவள் முகத்தில் இருந்தது.

“அன்ரி தாற அப்பிள் சாப்பிடக் கூடாது.”

“ஆர் சொன்னது?”

“கதையில அப்பிடித்தானே வரும். அந்தச் சின்னம்மா குடுத்த அப்பிளைச் சாப்பிட்டுத்தானே ராசகுமாரி செத்துப் போனவ.”

பயந்து சொன்னாளென்றால் எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திராது. அணைத்துச் சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் பயப்படவே இல்லை. கொதிக்க வைக்காத தண்ணீர் குடிக்கக் கூடாது என்பதைப் போல ஒரு சட்டத்தை எடுத்துச் சொல்லிவிட்டு, திரும்பவும் கார்ட்டூனைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். தட்டோடு நின்ற நான் அந்த அப்பிளை நானே தின்றேன். ஒவ்வொரு துண்டையும் அவள் கண்ணுக்கு முன்னால், நல்ல சத்தமாகக் கடித்துத் தின்றேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு அப்போது முப்பத்தேழு வயது. கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை. வாகனம் மோதியவர்களும் வீட்டுக்குள் மழைவெள்ளம் வந்தவர்களும் நட்டஈடு கேட்டு எழுதித் தரும் விபரங்களைப் படித்து, எது நடந்தது, எது நடந்திராது என்று பிரிப்பதுதான் என் தொழில். கலியாணம் என்ற பேச்சே வீட்டில் அடங்கிப்போயிருந்த நேரத்தில் இந்தச் சம்பந்தம் வந்தது. கோட்டைப் பகுதியில் ஒரு வங்கியில் வேலை செய்கிறவர். மனைவி நோய்வாய்ப்பட்டு இறந்துவிட்டார். அப்போது பிள்ளைக்கு நாலு வயது. நான் வரும்போது ஏழு.

இடையில் பிள்ளையை வைத்திருந்தது கொட்டாஞ்சேனையில் இருந்த சித்தி. இறந்த மனைவியின் சொந்தத் தங்கை. கலியாணம் கட்டாதவள். சின்னப் பிள்ளைகளின் பாலர் பள்ளியில் ரீச்சர். பிள்ளையைக் குளிப்பாட்டி, சோறு தீத்தி, பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டது அவள்தான். இரண்டு பக்கத்துச் சொந்தக்காரரும் இவர் அவளையே கட்டுவார் என்றுதான் நினைத்திருந்தார்கள். இவர் கேட்கவில்லை. அவளாகவும் சொல்லவில்லை. இந்த விஷயம் எனக்குத் தெரியவந்தது கலியாணம் முடிந்த பிறகு, ஒரு சாமத்தியவீட்டுப் பந்தியில், பக்கத்தில் இருந்து சாப்பிட்ட ஒரு மனுசியின் வாயால். அன்று வீடு வரும்வரை நான் இவரோடு கதைக்கவில்லை. நான் கதைக்கவில்லை என்பதும் இவருக்குத் தெரியவில்லை.

எங்கள் கலியாண நாளன்றே பெயர்ச் சிக்கல் தொடங்கிவிட்டது. இவருடைய பெரியம்மா ஒருவர் பிள்ளையை என் முன்னால் தள்ளி, “இனி இவதான் உனக்குச் சின்னம்மா. எங்க, கூப்பிடு பாப்பம்” என்றார். பிள்ளை தகப்பனின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய்விட்டாள். எல்லாரும் வெட்கம் என்று சிரித்தார்கள். அது வெட்கமில்லை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. சித்தி என்ற சொல் கொட்டாஞ்சேனையில் இருந்தவளுக்கு உரியது. தான் சித்தியாக இருந்துகொண்டு, பிள்ளைக்குச் சொல்லும் கதைகளில் வரும் கெட்டவளைச் சித்தி என்று அவளால் சொல்ல முடியாது. அதனால் அவள் கதைகளில் பிள்ளைகளைப் பட்டினி போடுகிறவள், சாம்பல் அள்ள விடுகிறவள், காட்டுக்குத் துரத்துகிறவள் எல்லாருமே சின்னம்மா. அந்தப் பெயரைத்தான் அந்தப் பெரியம்மா எனக்குச் சூட்டப் பார்த்திருக்கிறார். நான் குனிந்து, “அன்ரி எண்டு கூப்பிடுங்கோ, அதுவே காணும்” என்றேன். கொஞ்ச நாளைக்குத்தானே என்று நினைத்தேன்.

சனிக்கிழமைகளில் இவர் பிள்ளையைக் காலையிலேயே கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோய் விடுவார். பொழுதுபடக் கூட்டிவருவார். வந்தவுடன் சாப்பாட்டு மேசையில் இருந்து, சித்தி அன்று சொன்ன கதையைப் பிள்ளை எனக்குச் சொல்லிக் காட்டுவாள். சித்திக்கு ஓநாய்க்கு ஒரு குரல், தவளைக்கு ஒரு குரல், ராசாவுக்கு ஒரு குரல். அவள் வீட்டு ஒழுங்கையில் குடியிருக்கும் பிள்ளைகள் எல்லாம் படிக்கட்டில் வந்து இருந்து கேட்பார்களாம். பிள்ளை அந்தக் குரல்களை எல்லாம் எனக்குப் போட்டுக் காட்டிவிட்டு, “இப்ப நீங்கள் ஒண்டு சொல்லுங்கோ” என்பாள். கதை இல்லாவிட்டால் சோறு இறங்காது. ஒரு வாய்க்கு ஒரு துண்டுக் கதை. சித்தி பழக்கிவிட்டது அது.

எனக்குக் கதை சொல்ல வராது. என் ராசகுமாரி இரண்டு வாய் புட்டுக்குள் கலியாணம் முடித்துவிடுவாள். பிள்ளை வெறும் வாயோடு என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்பிள் விஷயத்துக்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன். கதைதானே இடைஞ்சல், கதையை மாற்றிவிட்டால் போகிறது. நடந்ததைத் தங்களுக்கு ஏற்றபடி மாற்றி எழுதுகிறவர்களின் விபரங்களைத்தான் காலையிலிருந்து மாலைவரை படிக்கிறேன். அவர்களுக்கு வருவது எனக்கு வராதா?

“ஒரு ஊரில ஒரு ராசகுமாரி இருந்தவ. அவவுக்கு ஒரு நல்ல சின்னம்மா இருந்தவ.”

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. “நல்ல?”

“ஓம். நல்ல சின்னம்மா. சாப்பிடுங்கோ. அந்தச் சின்னம்மா ஒவ்வொரு நாளும் சந்தைக்குப் போய் நல்ல அப்பிளாப் பாத்து வாங்கி ராசகுமாரிக்கு அனுப்புவா.”

“அப்ப ராசகுமாரி ஏன் செத்தவ?”

“சாகேல்லை. நித்திரைதான் கொண்டவ. வேலை செய்து களைச்சுப்போய்.”

“அப்ப ஏன் கண்ணாடிப் பெட்டியில வச்சவை?”

“நுளம்பு கடிக்கும் எண்டு.”

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். எங்கள் அலுவலகத்தில் நான் சிலரை அப்படிப் பார்ப்பதுண்டு. ஒரே இடத்தில் இரண்டு தடவை மரம் விழுந்தது என்று எழுதியிருப்பவர்களை.

“அப்ப மந்திரக் கண்ணாடி?”

“அது பொய் சொல்லுற கண்ணாடி.”

“கண்ணாடி பொய் சொல்லாது அன்ரி,” என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போய்விட்டாள். தட்டில் பாதிச் சோறு கிடந்தது.

நான் விடவில்லை. அடுத்தடுத்த நாட்களில் செருப்பைத் தொலைத்தவளின் கதையைத் திருத்தினேன். என் கதையில் அந்த வீட்டில் எல்லாரும் வேலையைப் பங்கு போட்டுச் செய்தார்கள். சின்னம்மா சமைத்தாள், அவளுடைய பிள்ளைகள் உடுப்புத் தோய்த்தார்கள், இவள் கூட்டினாள். விருந்துக்கும் எல்லாருமாக ஒரே வண்டியில் போனார்கள். இளவரசனைக் கண்டதும் சின்னம்மாவே பிள்ளையை முன்னால் தள்ளிவிட்டாள். கதையைச் சொல்லி முடித்தபோது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. பிள்ளை கொட்டாவி விட்டாள்.

“அப்ப தேவதை என்னத்துக்கு வந்தவ?”

“தேவதை தேவைப்படேல்லை.”

“செருப்பு?”

“தொலையேல்லை. சின்னம்மா கவனமா வார் பூட்டிவிட்டவ.”

“அப்ப கதை எங்க?” என்றாள்.

 கெட்டவளை எடுத்தால் தேவதை போகிறாள், தேவதை போனால் செருப்பு போகிறது, செருப்பு போனால் எல்லாரும் வீட்டைக் கூட்டிக்கொண்டு இருக்கிறார்கள். எத்தனையோ வருடமாக எத்தனையோ நாட்டில் சொல்லப்பட்ட கதைகள் எல்லாம் அந்த ஒருத்தியின் முதுகில்தான் நின்றுகொண்டிருக்கின்றன என்பதை நான் புட்டும் சம்பலும் வைத்துக்கொண்டு கண்டுபிடித்தேன். அவள் நல்லவளாக இருந்தால் ஒருவருக்கும் கேட்கப் பிடிக்காது.

இவ்வளவுக்கும் இவர் மேசையின் மறுபக்கத்தில் இருந்து, தொலைபேசியில் கிரிக்கெட் பார்த்தபடி சாப்பிடுவார். நான் வேலைவிட்டு வந்து சமைத்து, பிள்ளைக்கு வாய்க்கு வாய் கதை கட்டி, கேள்விக்குப் பதில் சொல்லிக் களைத்துப்போயிருப்பேன். அவர், “இண்டைக்கு நல்லாச் சாப்பிட்டிட்டா போல” என்று சொல்லிக்கொண்டு எழுந்து போவார்.

ஒரு நாள் காட்டில் விடப்பட்ட அண்ணனும் தங்கையும் கதைக்கு வந்தோம். அன்று அலுவலகத்தில் எனக்குச் சரியான ஏச்சு. பஸ் முழுவதும் நின்றுகொண்டு வந்திருந்தேன்.

“சின்னம்மா சொல்லித்தானே அவையளைக் காட்டில விட்டவை?” என்று பிள்ளை முந்திக்கொண்டாள்.

“சொன்னது சின்னம்மா. கூட்டிக்கொண்டு போய் விட்டது ஆர்?”

பிள்ளை யோசித்தாள். “அப்பா.”

“கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனது அப்பா. இதில இருங்கோ, வாறன் எண்டு பொய் சொல்லிப்போட்டு வந்தது அப்பா. செருப்புத் தொலைச்ச பிள்ளைக்கும் ஒரு அப்பா இருந்தவர். பிள்ளை சாம்பலுக்குள்ள படுக்கேக்க அவர் எங்க இருந்தவர்? அப்பிள் சாப்பிட்ட பிள்ளைக்கும் அப்பா ராசா. ஒரு ராசா, தன்ர வீட்டில என்ன நடக்குதெண்டு ஒரு நாள் எட்டிப் பாத்தவரோ? கடைசியில எல்லாரும் சின்னம்மாவைத்தான் ஏசுவினம். அப்பாக்களை ஒருத்தரும் ஒண்டும் கேக்கிறேல்லை.”

கிரிக்கெட் சத்தம் நின்றது.

“உமக்கு இப்ப என்ன?” என்றார் இவர்.

“கதை சொல்லுறன்.”

“பிள்ளைக்கு முன்னால என்னைப் பற்றி ஏன் கதைக்கிறீர்?”

“நான் ராசாவைப் பற்றியெல்லோ கதைச்சனான்.”

“அப்பா, நீங்கள் ராசாவோ?” என்று பிள்ளை கேட்டாள். அவர் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். அன்றுதான் முதல் தடவையாகத் தன் தட்டைத் தானே கழுவினார். கழுவிய சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை பிள்ளை கொட்டாஞ்சேனையில் போய் இந்தக் கதைகளை எல்லாம் வரிசையாகச் சொல்லியிருக்கிறாள். படிக்கட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்து. அன்று மத்தியானம் எனக்குச் சித்தியிடமிருந்து தொலைபேசி வந்தது. அவள் என்னை எந்த முறையும் வைத்துக் கூப்பிடுவதில்லை. அக்கா என்று சொல்ல அவளுக்கு ஏற்கெனவே ஒரு அக்கா இருந்தாள்.

“பிள்ளைக்கு என்ன கதை சொல்லிக் குடுத்திருக்கீங்க?” என்றாள். “எல்லாத்தையும் தலைகீழா சொல்றா. அப்பாமார்தான் கெட்டவங்கன்னு சொல்றா. இங்க கேட்டுக்கிட்டு இருந்த பிள்ளைங்க அழுதிட்டுப் போகுதுங்க.”

“நீங்கள் சொல்லிக் குடுத்த கதையளுக்கு நான் மருந்து போடுறன்,” என்றேன். “வீட்டில ஒரு பிள்ளை என்ர கையால அப்பிள் வாங்கித் தின்னுதில்லை. அது உங்கட கதையால.”

மறுபக்கம் அவள் யாரையோ கீழே போய் விளையாடச் சொன்னது கேட்டது. பிறகு, “நேர்ல வாங்களேன்,” என்றாள்.

போனேன். ஓட்டோ பிடித்துப் போனேன். வழி முழுவதும் என்ன சொல்வது என்று பாடமாக்கிக்கொண்டு போனேன். பிள்ளை கீழே ஒழுங்கையில் மற்றப் பிள்ளைகளோடு நின்றாள். என்னைக் கண்டதும், “ஏன் நீங்கள் வந்தனீங்கள், அப்பா எங்க?” என்றுதான் கேட்டாள். மேலே அறை முழுக்கப் பாலர் பள்ளிக்கு வெட்டிய நிறக் கடதாசிகள். அவற்றை ஒதுக்கி எனக்கு ஒரு இடம் செய்துவிட்டு, கேட்காமலே பாலில்லாத பிளேன்ரீ ஊற்றித் தந்தாள். நான் தொடவில்லை.

“அப்பிளில நஞ்சு வைக்கிற கதையை இந்தப் பிள்ளைக்குத்தான் சொல்லோணுமோ? நான் அந்த வீட்டுக்கு வரப்போறன் எண்டு தெரிஞ்சுதானே சொன்னனீங்கள்?”

“அந்தக் கதைய நான் சொல்லல,” என்றாள்.

“பொய் சொல்லாதேங்கோ.”

“அந்தக் கதை மட்டும் நான் யாருக்கும் சொல்றதில்ல. பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் ரீச்சர் படம் போட்டுக் காட்டியிருக்கிறா. அன்னைக்கு இங்க வந்து என்கிட்ட கேட்டா, சித்தி, அம்மாவுக்கும் இப்படித்தானா நடந்துச்சுன்னு.”

எனக்கு விளங்கவில்லை. அவள் கையில் இருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

“அக்கா கடைசியா ஆஸ்பத்திரியில இருந்தப்ப பார்க்க வந்த அன்ரிமார் எல்லாம் அப்பிள்தான் கொண்டு வருவாங்க. நோயாளியப் பார்க்க வேற என்ன கொண்டு வர்றது? மேசையில இடமிருக்காது. பிள்ளை கட்டில்ல கால்மாட்டுல இருந்து பார்த்துக்கிட்டே இருப்பா. வந்தவங்க மனசு நோகக் கூடாதுன்னு அக்கா ஒரு துண்டு வாயில வைப்பா. அவங்க போனதும் சத்தி எடுப்பா. எல்லா நாளும் அதுதான். பிறகு ஒரு நாள் அக்கா இல்ல.”

கீழே பிள்ளைகள் யாரோ யாரையோ ஆட்டத்தில் ஏமாற்றிவிட்டதாகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் பிள்ளையின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

“நான் வெட்டிக் குடுத்தா சாப்பிடுவா. அத்தான் குடுத்தாலும் சாப்பிடுவா. வெளியிலேர்ந்து வர்ற அன்ரிமார் குடுத்தா மட்டும் தொட மாட்டா,” என்றாள். பிறகு, “அத்தான் உங்ககிட்ட சொல்லலயா?” என்று கேட்டாள்.

இல்லை என்று தலையாட்டினேன். பாடமாக்கிக்கொண்டு வந்தது ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. கோபம் மட்டும் போகவில்லை. வேறொருவருக்கு என்று கொண்டுவந்த கோபம் அது. இப்போது யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் கையில் இருந்தது.

“அப்ப அவ கேட்டதுக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“அது வெறும் கதைன்னு சொன்னேன். அம்மாவுக்கு வருத்தம், பெரிய நோய்னு சொன்னேன். நீங்களும் அப்படிச் சொல்லியிருந்தா போதும். நீங்க கதையையே மாத்திட்டீங்க. ஒரு நாள் செத்துப் போனா, ஒரு நாள் நித்திரை. ஒரு நாள் செருப்பு இருக்கு, ஒரு நாள் இல்ல. அம்மா செத்ததும் அப்படி மாத்தலாமான்னு அது யோசிக்காதா?”

“மற்றக் கதையளில வாற கெட்டவ எல்லாம் சின்னம்மா. அது மட்டும் சரியோ?”

“சித்தி நான்தானே?” என்றாள். “வேற என்னன்னு சொல்றது?”

அதைச் சொல்லும்போது அவள் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எந்த ஓநாயின் குரலும் இல்லை, ராசாவின் குரலும் இல்லை. பாலர் பள்ளி நாடகத்துக்கு வெட்டி வைத்திருந்த ஒரு கிரீடத்தை எடுத்து மடித்தாள், விரித்தாள். நான் பிளேன்ரீயைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது. 

அன்று பொழுதுபட மரைன் டிரைவ் பக்கம் பிள்ளையைச் சைக்கிள் ஓட விட்டுவிட்டு இவரிடம் கேட்டேன். “ஆஸ்பத்திரியில நடந்ததை நீங்கள் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. பழுப்பு அப்பிளை நான் எத்தினை நாளா குப்பையில கொட்டிக்கொண்டிருக்கிறன். பாத்துக்கொண்டுதானே இருந்தனீங்கள்.”

“எனக்கு அது ஞாபகம் வரேல்லை,” என்றார்.

“வரேல்லையோ?”

கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கல்கிசைப் பக்கம் போகும் ரெயில் ஒன்று கதவுகளில் ஆட்கள் தொங்கத் தொங்கக் கடந்து போனது. “அந்த அறையை நினைக்க எனக்கு ஏலாது,” என்றார் பிறகு. “நீர் நினைக்கிற மாதிரி மறைச்சதில்லை. நினைச்சால்தானே சொல்ல வரும்.”

அவர் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரிந்தது. பொய் சொல்கிறவர்களைக் கண்டுபிடிக்கிற தொழிலில் இருப்பவளுக்கு அது தெரியாமல் போகுமா? ஆனாலும் அந்த உண்மையை வைத்து நான் என்ன செய்வது? எல்லாரும் தங்கள் தங்கள் துக்கத்தை எங்கேயோ பூட்டி வைத்துவிட்டார்கள். அவை எங்கே இருக்கின்றன என்று தெரியாத நான் போகிற இடமெல்லாம் இடறி விழுந்துகொண்டிருந்தேன். இவர் அதற்குக் கண்ட தீர்வு, அன்றிலிருந்து வீட்டுக்கு அப்பிள் வாங்குவதை நிறுத்தியது. கொய்யாவும் மாம்பழமும் வந்தன. ஒரு சொல்லுப் பேச்சில்லாமல் காரியம் முடிந்தது.

பிள்ளையிடம் நானே நேராகச் சொன்னேன். தலை இழுத்துப் பின்னிக்கொண்டிருந்த ஒரு காலையில், “அம்மாவுக்கு வந்தது பெரிய வருத்தம். ஆரும் குடுத்த சாப்பாட்டால வந்ததில்லை,” என்றேன்.

“தெரியும்,” என்றாள்.

“தெரியுமோ? அப்ப ஏன் அவ்வளவு நாளும்?”

“சும்மா,” என்றாள். “நோகுது, மெதுவா இழுங்கோ.”

அவ்வளவுதான். இரண்டு மாதமாக நான் ராசகுமாரிகளையும் கண்ணாடிகளையும் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்ததற்குக் கிடைத்த விளக்கம் இந்த ஒரு சொல். அன்று பஸ்ஸில் போகும்போது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது, பக்கத்தில் இருந்த சிங்களப் பெண் கண் துடைக்க ஒரு ரிஷ்யூக் கடதாசியை எடுத்து நீட்டினாள்.

எல்லாம் கொஞ்சம் அடங்கிவருகிறது என்று நினைத்த நேரத்தில்தான் சித்தி இங்கிலாந்துக்குப் போகிறாள் என்ற செய்தி வந்தது. அங்கே வயதானவர்களைப் பராமரிக்கும் இல்லம் ஒன்றில் வேலை. வெகுநாட்களாக முயற்சி செய்துகொண்டிருந்திருக்கிறாள். ஒருவருக்கும் சொல்லவில்லை. பிள்ளைக்குச் சொன்னதும் பிள்ளை அழவில்லை. நேராக என்னிடம் வந்தாள்.

“நீங்கள் அண்டைக்குப் போய்ச் சண்டை பிடிச்சதாலதான் சித்தி போறா.”

“இல்லை. அவவுக்கு வேலை கிடைச்சிருக்கு.”

“நீங்கள்தான் கதையளை மாத்துவீங்கள். எனக்குத் தெரியும்.”

நான் எதைச் சொன்னாலும் அவளுக்கு அது திருத்திய கதைதான். அந்தக் கிழமை முழுவதும் என் கையால் சோறு வாங்கவில்லை. இவர்தான் தீத்தினார். கதை தெரியாததால் கிரிக்கெட் நிலவரம் சொல்லித் தீத்தினார். அதற்கும் வாயைத் திறந்தாள். அந்தக் கொடுமையையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வழியனுப்பக் கொட்டாஞ்சேனைக்குப் போனபோது ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாம் படிக்கட்டில் நின்றார்கள். பெட்டிகளை வாசலில் நின்ற வான் வண்டியில் ஏற்றியாகிவிட்டது. பிள்ளையை அவள் கனநேரம் தூக்கி வைத்திருந்தாள். தூக்கி வைத்திருக்கும் வயது தாண்டிவிட்டது; கால்கள் தொங்கி அவள் முழங்காலில் இடித்தன. இறக்கிவிட்டு என்னிடம் வந்து, “சனிக்கிழமை பின்னேரம் வீடியோ கோல் எடுப்பேன்,” என்றாள். “அத்தான் போனைக் குடுத்திட்டுப் போயிடுவார். பிள்ளைக்குக் கை உளையும். நீங்க பிடிச்சுக்கிட்டு இருப்பீங்களா?”

ஓம் என்றேன். வேறு என்ன சொல்வது?

அப்படித்தான் இப்போது என் சனிக்கிழமைகள் போகின்றன. வீட்டில் இணையம் நல்லாக வருவது பல்கனிக் கதவடியில் மட்டும்தான். அங்கே ஒரு கதிரையில் பிள்ளை இருப்பாள். நான் எதிரே நின்று, தொலைபேசியை அவள் முகத்துக்கு நேரே பிடித்திருப்பேன். எதிலாவது சாய்த்து வைத்தால் சரிந்து விழுகிறது. அதற்கென்று ஒரு தாங்கி வாங்கினேன். அதில் வைத்தால் சித்தியின் தலை வெட்டுப்படுகிறதாம். அவள் அங்கே மத்தியான இடைவேளையில், வேலைச் சீருடையோடு, ஒரு கதவைச் சாத்திவிட்டு நின்று கதை சொல்வாள். குரல்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன.

போன கிழமை அண்ணன்மார் எல்லாரும் அன்னங்களாகிப் பறந்துபோகும் கதை. நான் கையை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுப்பில் பருப்பு இருந்தது, இவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னால் மேட்ச் முடியட்டும் என்று பதில் வந்தது.

“அந்த ராசா ரெண்டாவதா ஒரு கலியாணம் கட்டினார்,” என்று சொல்லிக்கொண்டு வந்தவள் நிறுத்தினாள். படத்தின் ஓரத்தில் என் கட்டைவிரலையோ எதையோ கண்டிருக்க வேண்டும். “அங்க ஒரு... ஒரு மந்திரக்காரி இருந்தா. அவ அந்த அண்ணன்மாரை எல்லாம்...”

“மந்திரக்காரி இல்லை சித்தி,” என்று பிள்ளை குறுக்கே விழுந்தாள். “சின்னம்மா. போன முறை சின்னம்மா எண்டுதானே சொன்னனீங்கள். மாத்தக் கூடாது.”

அந்தப் பக்கம் படம் அசையவில்லை. இணையம் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். நிற்கவில்லை. அவள் வாயைத் திறந்தபடி என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தாள்.

“சொல்லுங்கோ, பரவாயில்லை,” என்றேன் நான் தொலைபேசிக்குப் பின்னாலிருந்து. “சின்னம்மாதான். கெதியாச் சொல்லுங்கோ, பருப்பு அடிப்பிடிக்கப் போகுது.”

அவள் சொன்னாள். அந்தச் சின்னம்மா அண்ணன்மாரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ஒவ்வொருவர் மேலும் மந்திரச் சட்டையை எறிந்தாள். மிகவும் கெட்டவள். பிள்ளை வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். என் தோள்மூட்டு விறைத்துப்போய்க் கை நடுங்கத் தொடங்கியது.

“அன்ரி, ஆட்டாதேங்கோ,” என்றாள் பிள்ளை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “சித்தியின்ர முகம் தெரியுதில்லை.”